நிறுத்திவிட்டு இறங்கு

மன்னார்குடி,
வைகாசி 20

அன்புள்ள தம்பிக்கு,

சித்தப்பா எழுதுவது. நீ பழைய டிராக்டர் ஒன்றும், அதோடு 42 பிளேடு ரோட்டாவேட்டரும் வாங்கியிருப்பதாக அண்ணன் போனில் சொன்னார். அண்ணியின் நகையை அடகு வைத்துத்தான் முன்பணம் கட்டினாய் என்றும், குறுவைக்கு வாடகை உழவு ஓட்டப் போகிறாய் என்றும் சொன்னார். ரொம்பச் சந்தோஷம். படித்த பிள்ளை ஊரிலேயே தங்கி ஒரு தொழிலில் கால் ஊன்றுவது நம் குடும்பத்துக்கே பெருமை.

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டால் உனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. எல்லாரும் ஒரே நாளில் உழவு கேட்பார்கள். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும். போனில் சொன்னால் ‘சரி சித்தப்பா’ என்று முடித்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் வண்டியின் டூல் பாக்ஸில் வைத்துக்கொள்ளலாம், உன்னோடு வரும் பையனிடமும் படிக்கக் கொடுக்கலாம்.

வேளாண்மைப் பொறியியல் துறையில் டிராக்டர் ஓட்டியே ஓய்வு பெற்றவன் நான். இத்தனை வருஷத்தில் பார்த்ததையெல்லாம் ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: வண்டியை அணைக்காமல் சீட்டைவிட்டு இறங்காதே. நான் அறிந்த விபத்துகளில் சிக்கியவர்கள் பெரும்பாலும் கைதேர்ந்த டிரைவர்கள். ஒரு நிமிஷ வேலைதானே என்று எஞ்சின் ஓட ஓட இறங்கினார்கள். ரோட்டரில் சுற்றிய வைக்கோலை இழுக்க, தளர்ந்த பின்னைத் தட்ட, எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்டைத் தாண்டி அந்தப் பக்கம் போக என்று எல்லாமே சின்னச் சின்ன வேலைகள்.

எங்களோடு வேலை பார்த்த ஒருவர், என்னைவிடத் திறமைசாலி, அப்படித்தான் போனார். தோளில் கிடந்த துண்டின் நுனியை ஷாஃப்ட் பிடித்துக்கொண்டது. எங்களால் அவரை எட்ட முடியவில்லை. அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏன் எட்ட முடியவில்லை என்பதை மட்டும் கணக்காகச் சொல்கிறேன்.

பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். அப்படியென்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. மூன்று அங்குலப் பருமனுள்ள ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ஒன்பது அங்குலத்துக்கு மேல் துணியைச் சுருட்டிக்கொள்ளும். ஒன்பது சுற்றுக்கு ஏழு அடி. நாலு முழ வேட்டியின் நீளமே ஆறு அடிதான். நுனி மாட்டிய ஒரே நொடியில் முழு வேட்டியும் ஷாஃப்டில் இருக்கும், வேட்டிக்குள் இருக்கிற ஆளும் அங்கே இருப்பான். கையை உதறவோ, கத்தவோ, பக்கத்தில் நிற்பவன் ஓடிவந்து வண்டியை அணைக்கவோ அந்த ஒரு நொடி போதாது.

அதனால் உடுப்பிலிருந்து ஆரம்பி. வேலைக்குக் கைலியோ வேட்டியோ வேண்டாம். காற்சட்டை போடு, சட்டைப் பொத்தானைப் பூட்டு, கையை மடித்து இறுக்கமாக வை. வியர்வை துடைக்கும் துண்டைச் சீட்டுக்குப் பின்னால் கட்டிவிடு, தோளில் போடாதே. நாற்றங்காலில் பெண்கள் வேலை செய்யும்போது முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதுவும் ஓடும் வண்டிக்குப் பக்கத்தில் வரக்கூடாது. அதைச் சொல்லக் கூச்சப்படாதே.

ஷாஃப்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்க வேண்டும். பழைய வண்டி வாங்கும்போது அது பெரும்பாலும் உடைந்திருக்கும், இல்லையென்றால் கழற்றி எங்கோ எறிந்திருப்பார்கள். கிரீஸ் வைக்கத் தொந்தரவு என்று சொல்வார்கள். அந்தக் கவர் இல்லாமல் வண்டியை வயலில் இறக்காதே. ஷாஃப்ட் உள்ளே சுற்றினாலும் கவர் சுற்றாமல் நிற்பதற்காக அதன் இரு முனையிலும் சின்னச் சங்கிலி இருக்கும். ஒன்றை வண்டியிலும் மற்றதைக் கருவியிலும் மாட்டிவிடு. வண்டி அணைந்திருக்கும்போது கவரைக் கையால் சுற்றிப் பார். ஷாஃப்ட் அசையாமல் கவர் மட்டும் தனியாகச் சுற்ற வேண்டும். ஒட்டிக்கொண்டு ஷாஃப்டும் சேர்ந்து சுற்றினால் அந்தக் கவர் இருந்தும் பயனில்லை. வண்டியின் பின்பக்கத்தில் பி.டி.ஓ. முனைக்கு மேலே இருக்கும் இரும்பு மூடியையும் கழற்றாதே. ஷியர் போல்ட் அறுந்தால் அதே அளவு, அதே தரம் பார்த்துப் போடு. கையில் கிடைத்த நீள போல்ட்டைப் போட்டால், அது அறுந்துபோக வேண்டிய நேரத்தில் அறுந்துபோகாமல் கியர் பாக்ஸை உடைக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் தலை துணியையும் பிடிக்கும்.

நம் பக்கத்து வயல்களில் ரோட்டாவேட்டர் அடிக்கடி சிக்கும். வேலிக்குக் கட்டிய பழைய புடவை, நைலான் வலை, அறுவடை மெஷின் விட்டுப்போன நீள வைக்கோல் எல்லாம் ரோட்டரில் சுற்றிக்கொள்ளும். அரிவாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது வரிசை இதுதான். ஆக்ஸிலேட்டரைக் குறை. பி.டி.ஓ. லிவரை எடுத்துவிடு. கருவியைத் தரையில் இறக்கு. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஹேண்ட் பிரேக் போடு. வண்டியை அணை. சாவியை எடுத்துப் பையில் போடு. பிளேடு சுற்றுவது முழுக்க நின்றதா என்று சீட்டில் இருந்தபடியே பார், லிவரை எடுத்த பிறகும் ரோட்டர் கொஞ்ச நேரம் சுற்றும். அதன் பிறகு இறங்கு.

சாவியைப் பையில் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீ குனிந்து வைக்கோலை அறுத்துக்கொண்டிருப்பாய். வரப்பில் நின்ற பையன் உதவி செய்வதாக நினைத்து ஏறி சாவியைத் திருப்பலாம். கிளட்சை மிதித்து பி.டி.ஓ.வை நிறுத்திக்கொண்டு, ‘நீ எடுடா, நான் மிதித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று பையனை இறக்கிவிடும் டிரைவர்களும் உண்டு. சேறு படிந்த செருப்பு பெடலில் வழுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒருவன் உயிரை இன்னொருவன் பாதத்தில் வைக்காதே.

கருவியைத் தூக்கிவிட்டு அதன் அடியில் கை வைக்காதே. லிப்ட் எண்ணெய் அழுத்தத்தில் நிற்கிறது. சீல் தேய்ந்தாலும், லிவரை யாராவது தட்டினாலும், கருவி முழுப் பாரத்தோடு இறங்கும். பிளேடு மாற்ற வேண்டுமானால் தூக்கி, அடியில் கெட்டியான மரக்கட்டை கொடுத்து, அதன் மேல் இறக்கி, வண்டியை அணைத்துவிட்டு வேலையைச் செய். ஹைட்ராலிக் ஹோஸில் எண்ணெய் பீய்ச்சுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதே. ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டை ஒன்றைக் காட்டிப் பார்.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் தம்பி. தெரிந்தும் ஏன் வண்டியை அணைப்பதில்லை என்று யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து இரண்டு காரணம்.

முதல் காரணம் பேட்டரி. பேட்டரி செத்திருக்கும், அணைத்தால் செல்ஃப் எடுக்காது. நடு வயலில் யார் தள்ளுவது? அந்தப் பயத்தில் காலையில் போட்ட வண்டியை இருட்டும்வரை அணைக்க மாட்டார்கள். சிலர் மேட்டில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்வார்கள். சிலர் கீழே நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நேரடியாகப் பொறி காட்டுவார்கள். கியரில் இருக்கும் வண்டி அப்படியே கிளம்பி, முன்னால் நிற்கிற டிரைவர் மேலேயே சக்கரத்தை ஏற்றிவிடும். ஆகவே முதல் வாடகைப் பணத்தில் வண்டிக்குப் பெயின்ட் அடிக்காதே, பாட்டுப் பெட்டி வைக்காதே. புதுப் பேட்டரி வாங்கு. நல்ல பேட்டரி இருந்தால்தான் உனக்கு வண்டியை அணைக்கத் தைரியம் வரும். அணைத்தால்தான் பத்திரமாக இறங்க முடியும்.

இரண்டாவது காரணம் வாடகை. மணிக் கணக்கில் ஓட்டினால் வயல்காரர் வரப்பில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். நிலத்தின் பரப்பைப் பார்த்து மா கணக்கில் ஓட்டினால் நீயே கடிகாரத்தைப் பார்ப்பாய். குறுவை அறுத்துத் தாளடி நடும் சமயத்தில் இரண்டு பக்க அவசரமும் சேர்ந்துகொள்ளும். கணக்குப் போட்டுப் பார். அணைத்து, இறங்கி, ஏறி, மறுபடி கிளப்ப அதிகமாக ஆகும் நேரம் ஒரு நிமிஷம். ஒரு நாளில் பத்துத் தடவை சிக்கினாலும் பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷ வாடகையை வயல்காரரிடம் கேட்காதே, உன் கணக்கில் கழித்துவிடு. தொழிலுக்கு டீசல் செலவு எப்படியோ இதுவும் அப்படி ஒரு செலவு. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டவனை யாரும் அவசரப்படுத்த முடியாது.

அடுத்தது ஆட்கள். டிராக்டரில் ஒரே ஒரு சீட்தான் இருக்கிறது. வயல்காரர் எல்லை காட்டுகிறேன் என்று மட்கார்டில் ஏறுவார். நடந்து காட்டுங்கள் என்று சொல். ஒரு வரப்பில் சக்கரம் ஏறி இறங்கினால் மட்கார்டில் உட்கார்ந்தவர் விழும் இடம் பின்சக்கரத்துக்கும் ரோட்டாவேட்டருக்கும் நடுவில். பழக்கமான மனிதர், வயதில் மூத்தவர், எப்படி மறுப்பது என்று தோன்றும். ‘மாமா, உங்களை ஏற்றினால் சித்தப்பா வண்டியைப் பிடுங்கிவிடுவார்’ என்று என் பேரைச் சொல். அந்தக் கோபத்தை நான் தாங்கிக்கொள்கிறேன்.

மாட்டு உழவு காலத்தில் பரம்புப் பலகை மேல் பாரத்துக்கு ஆள் நிற்பது வழக்கம். உன் தாத்தா நின்றிருக்கிறார், சின்ன வயதில் நாங்களும் ஆசையாக நின்றிருக்கிறோம். தவறி விழுந்தால் மாடு நின்றுவிடும், பலகையும் நின்றுவிடும், சேறு பூசிக்கொண்டு எழுந்து வருவோம். அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்கும் மண் இறுகிய இடத்தில் ரோட்டாவேட்டர் மேல் ஆளை உட்கார வைக்கிறார்கள், சில இடத்தில் பிள்ளைகளைக்கூட. அங்கே கீழே சுற்றுவது இரும்பு. எஞ்சின் சத்தத்தில் பின்னால் விழுந்தவன் அலறல் டிரைவர் காதுக்கு எட்டாது. ஆழம் போதவில்லை என்றால் டாப் லிங்க்கைச் சரிசெய், பின் தகட்டைப் பார், தேய்ந்த பிளேடை மாற்று. மண் காய்ந்திருந்தால் முதலில் ஒன்பது கொத்துக் கலப்பையால் ஒரு சால் ஓட்டு, பிறகு ரோட்டாவேட்டரை விடு. ஆள் பாரம் எந்தக் கருவிக்கும் வேண்டாம்.

சேற்று உழவில் பிள்ளைகள் கூட்டம் சேரும். வண்டிக்குப் பின்னால் கொக்கு இறங்கும், நண்டும் சிறு மீனும் மேலே வரும், பிள்ளைகளுக்கு அது திருவிழா. அவர்களைத் திட்டி விரட்டினால் நீ திரும்பியதும் மறுபடி வருவார்கள். வயலில் இறங்கும் முன்பே அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், ‘உழவு முடிகிறவரை பிள்ளைகளை வரப்பைவிட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பொறுப்பைக் கொடு. யாராவது இறங்கினால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்து. ஒரு தடவை நிறுத்திக் காட்டினால் போதும், பெரியவர்களே பார்த்துக்கொள்வார்கள். பின்னுக்கு எடுக்கும் முன் ஹாரன் அடி, திரும்பிப் பார், பிறகு எடு. வரப்பு ஓரத்தில் கருவியைத் தூக்கித் திரும்பும்போது பி.டி.ஓ.வை எடுத்துவிடு. சுற்றிக்கொண்டே தூக்கினால் கல்லும் கட்டியும் பறக்கும், ஷாஃப்டின் கிராஸும் கோணம் தாங்காமல் உடையும்.

இனி வண்டி மல்லாந்து விழுவதைப் பற்றி. இதை ஊன்றிப் படி.

உன் வண்டியின் பின்னால் கீழே இரண்டு லிங்க், மேலே ஒரு டாப் லிங்க் இருக்கிறதே, அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் ஹாரி ஃபெர்குசன், அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். அதற்கு முன் கலப்பையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டு டிரைவர் மேலேயே மல்லாந்து விழும். அப்படிப் பல உயிர் போயிருக்கிறது. மூன்று முனையில் பிடித்துக் கருவியை வண்டியோடு ஒன்றாக்கியபோது, மண் கருவியைத் தடுக்கும் விசை டாப் லிங்க் வழியாக முன்பக்கத்தைக் கீழே அழுத்தியது. 1930-களில் அது விற்பனைக்கு வந்தது, பின்னால் உலகத்து டிராக்டர்களெல்லாம் அதை எடுத்துக்கொண்டன. 1960-ல் தொடங்கிய சென்னை டாஃபே கம்பெனி செய்த மாஸி ஃபெர்குசன் வண்டிகளில் நீ பார்த்த பெயர் அவருடையதுதான்.

கருவி மாட்டும்போது அந்த ஏற்பாடு காப்பாற்றும். சக்கரமே மாட்டிக்கொண்டால் காப்பாற்றாது. நம் வயலில் நடப்பது இரண்டாவது. சேற்றுக்கான இரும்புக் கேஜ் வீல் போட்ட வண்டி புதைசேற்றில் அச்சு வரைக்கும் இறங்கிவிடும். உடனே யாராவது ஒரு மரக்கட்டையைச் சக்கரத்தின் முன்னால் கொடுத்து, அல்லது சக்கரத்தோடு சேர்த்துக் கட்டி, ‘முதல் கியரில் போட்டு எடு’ என்பார்கள். சக்கரம் சுற்ற வழியில்லாதபோது எஞ்சினின் பலமெல்லாம் அச்சைச் சுற்றி வண்டியின் உடம்பைத் தூக்கும். மூக்கு கிளம்பியதிலிருந்து முக்கால் நொடியில் வண்டி மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். ஒன்றரை நொடியில் டிரைவர் மேல் கிடக்கும். மூக்கு தூக்குகிறது என்று நீ உணர்ந்து கிளட்சை மிதிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

புதைந்தால் முதலில் அணை. இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிச் சேற்றை வெட்டி எடு. பின்னால் போக வழி இருந்தால் ரிவர்ஸில் மெதுவாக எடு, ரிவர்ஸில் அந்தத் திருப்பு விசை மூக்கைக் கீழே அழுத்தும். வராவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிடு. இழுக்கிற வண்டியில் சங்கிலியைத் தாழ்வான டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும். அச்சிலோ டாப் லிங்க் முனையிலோ மாட்டினால், இழுக்க வந்த வண்டி மல்லாந்து விழும். சங்கிலி போகும் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

ரோட்டாவேட்டரைத் தூக்கிக்கொண்டு போகும்போது முன்சக்கரம் லேசாகும். வண்டியின் மொத்தப் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருந்தால்தான் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். போதாவிட்டால் முன்னால் வெயிட் போடு. வயலிலிருந்து செங்குத்தான சரிவில் ரோட்டுக்கு ஏறுவதானால் ரிவர்ஸில் ஏறு. வரப்பைக் குறுக்கே நேராக, மெதுவாகக் கட. வாய்க்கால் எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தூரம் கரை விளிம்பைவிட்டுத் தள்ளி ஓட்டு, ஈரக்கரை வண்டிப் பாரத்தில் இடிந்து இறங்கும். ரோட்டுக்கு வந்ததும் வலது, இடது பிரேக் பெடல்களைக் கொக்கி போட்டு ஒன்றாக்கு. ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வேகத்தில் வண்டி சுழன்று கவிழும். இரவில் கருவியின் இரண்டு ஓரத்திலும் ஒளிரும் ஸ்டிக்கர் இருக்கட்டும். பைக்கில் வருகிறவனுக்கு ரோட்டாவேட்டரின் அகலம் இருட்டில் தெரியாது.

வண்டி கவிழ்ந்தாலும் உயிர் தப்ப ஒரு வழி இருக்கிறது. ஸ்வீடன் நாட்டில் 1959-லேயே புது டிராக்டர் எல்லாவற்றிலும் டிரைவரைக் காக்கும் கெட்டியான இரும்புச் சட்டம் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். வண்டி கவிழ்ந்து சாவது அங்கே பெரிதும் குறைந்துபோனது. அந்த இரும்புச் சட்டத்தை ரோல் பார் என்று கேட்டால் வண்டிக் கம்பெனி டீலரிடமே விவரம் கிடைக்கும். பாரும் இருந்து பெல்ட்டும் போட்டிருந்தால், கவிழ்ந்தாலும் நீ அந்தக் கூட்டுக்குள்ளேயே இருப்பாய். வெயிலுக்குப் போடும் தகரக் கூரையை நம்பாதே, அது நசுங்கிவிடும். பார் இல்லாத வண்டியில் பெல்ட் போடக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்.

கடவுள் புண்ணியத்தில் தேவைப்படாது. இருந்தாலும் எழுதிவைக்கிறேன். யாராவது சிக்கிக்கொண்டால் முதல் வேலை எஞ்சினை அணைப்பது. பிறகு 108-ஐ அழைக்க ஒருவரை விடு. வண்டியை மறுபடி ஓட்டி, ரோட்டரைச் சுற்றி ஆளை எடுக்க நினைக்காதே. ஷாஃப்டைக் கழற்று, பிளேடு நட்டுகளைக் கழற்று. அதற்காகவே சரியான அளவு ஸ்பேனர் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடி. விரலோ கையோ துண்டானால் சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பு. நேராக ஐஸில் போடாதே.

சீசனில் ராத்திரியும் ஓட்டக் கூப்பிடுவார்கள். கண் சொக்கினால் வேலையை மறுநாளைக்குத் தள்ளு. ‘இவன் வராவிட்டால் வேறு வண்டி’ என்று போகிறவர் போகட்டும். நிதானமாக ஓட்டுகிறவனைத் தேடி வருகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தங்கள் பிள்ளைகள் நிற்கிற வயலில் எப்படிப்பட்டவன் வண்டியை இறக்குகிறான் என்பதை வீட்டுப் பெண்கள் கவனிப்பார்கள். அடுத்த வருஷ உழவு அவர்கள் சொல்லால்தான் உனக்கு வரும்.

இந்த வாரமே மூன்று வேலையை முடி. பேட்டரியை மாற்று. ஷாஃப்டுக்குச் சங்கிலியோடு புதுக் கவர் போடு. பிரேக் பெடல் கொக்கி சரியாக விழுகிறதா என்று பார். பேட்டரிக்குப் பணம் இடித்தால் தயங்காமல் சொல், நான் அனுப்புகிறேன். மூன்றும் முடிந்ததும் ஒரு போன் செய். முதல் உழவு நம் வயலிலேயே வைத்துக்கொள்ளலாம், அன்றைக்கு நான் அங்கே வந்து வரப்பில் நிற்பேன். நீ எத்தனை மா ஓட்டினாய் என்று கேட்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் அணைத்துவிட்டு இறங்குகிறாயா என்று மட்டும் பார்ப்பேன்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் வணக்கத்தைச் சொல். சித்தி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் சித்தப்பா